நட்சத்திரம் கொடுத்தால் பின்னம் புரிந்துவிடுமா?

பிள்ளைகளுக்குப் படிப்பில் ஊக்கம் இல்லை, செல்போன் விளையாட்டில் இருக்கிறது. ஆகவே படிப்பையே செல்போன் விளையாட்டாக மாற்றிவிட்டால் ஊக்கம் தானாக வந்துவிடும். பெற்றோர் கூட்டத்திலும் பள்ளி ஆண்டு விழா மேடையிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தின் பிளெக்ஸ் போர்டிலும் இன்று இந்த வாதம்தான். சரியான விடைக்குப் பத்து பாயிண்ட், ஐந்து பாடம் முடித்தால் ஒரு பேட்ஜ், ஏழு நாள் விடாமல் வந்தால் ஸ்ட்ரீக், வாரக் கடைசியில் லீடர்போர்டு. தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் வரை இந்தச் சரக்கு வந்து இறங்கிவிட்டது. எதிர்த்துப் பேசினால் ‘பழைய பஞ்சாங்கம்’ என்று பெயர் கிடைக்கிறது. கிடைக்கட்டும்.

எதிர்த்தரப்பு தன் வாதத்தைச் சொல்லிக்கொள்வதைவிடக் கொஞ்சம் வலுவாகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பறையில் தப்பு விடைக்குத் திட்டு, சிரிப்பு, சில இடங்களில் அடி. செயலியில் ‘மறுபடி முயற்சி செய்’ என்பதோடு சரி. படித்தவர் யாரும் இல்லாத வீட்டிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ‘நல்லாப் போட்டிருக்கே’ என்று சொல்ல ஆள் கிடையாது, செயலி சொல்கிறது. நாற்பது பேர் வகுப்பில் ஆசிரியர் திருத்திக் கொடுக்க ஒரு வாரம் ஆகும். செயலிக்கு ஒரு நொடி போதும். ஆய்வுச் சான்றும் அவர்கள் கையில் உண்டு. 2020இல் சைலர், ஹோம்னர் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, விளையாட்டுக் கூறுகள் கற்றலுக்குச் சிறிய அளவில் உதவுகின்றன என்றே எழுதினார்கள்.

உடனுக்குடன் விடை தெரிவது நல்லதுதான். அடி விழாமல் படிப்பது அதைவிட நல்லது. இவற்றின் முதுகில் ஏறிக்கொண்டு வரும் பாயிண்ட் வியாபாரத்தையும், அது ஊக்கத்தைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கையையும்தான் மறுக்கிறேன்.

1. பிள்ளைக்கு ஊக்கம் இல்லை என்று முடிவு கட்டியது யார்?

2020இல் பள்ளிகளைப் பூட்டியபோது பாடம் கல்வித் தொலைக்காட்சிக்கும் வாட்ஸ்அப்புக்கும் குடிபோனது. தென்காசி மாவட்டத்தின் மேற்கே மலையடிவார ஊர்களில் பல வீடுகளில் வீட்டுக்கு ஒரு போன். அதுவும் காலையில் அப்பாவின் சட்டைப் பையில் ஏறி வேலைக்குப் போய்விடும். ராத்திரி திரும்பி வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும், இல்லையென்றால் பிள்ளை தூங்கியிருக்கும். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு, தங்கச்சி ஐந்தாம் வகுப்பு என்றால் போன் யாருக்கு என்பதில் பஞ்சாயத்தே கிடையாது. அந்தத் தங்கச்சி ‘வகுப்புக்கு வரவில்லை’ என்று பதிவானாள். பதிவைப் பார்த்தவர்கள் ‘ஆர்வம் குறைவு’ என்று முடிவெழுதினார்கள். ஆர்வம் குறைவு என்றால் ஆர்வத்தைக் கூட்டச் செயலி வாங்க வேண்டும். நோயைத் தப்பாகச் சொன்னவரே மருந்தும் விற்க வந்துவிட்டார்.

அதே ஆண்டு, அதே மாவட்டத்தில், மத்தளம்பாறையில் நடந்ததைப் பாருங்கள். ஜோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அப்போது அங்கே குடியிருந்தார். பள்ளி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த சில பிள்ளைகளுக்கு அவரே பாடம் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகள் கூடினார்கள், ஆசிரியர்களை அமர்த்தினார், பிறகு அது கலைவாணி கல்வி மையம் ஆனது. உலகம் முழுக்க மென்பொருள் விற்கிற நிறுவனம் அவருடையது. பேட்ஜும் லீடர்போர்டும் வைத்த செயலி ஒன்று அவருடைய ஆட்களுக்குச் சின்ன வேலை. அவர் அதைச் செய்யவில்லை. பிள்ளைகள் பசியோடு வருவதைக் கண்டு சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். அவருடைய மற்றக் கருத்துகள் பலவும் எனக்கு ஒத்துவராதவை. ஒரு செல்வந்தரின் நல்ல மனத்தை நம்பி ஒரு மாவட்டத்தின் கல்வியை நடத்தவும் முடியாது. ஆனாலும் மென்பொருளிலேயே ஊறிய மனிதர், பிள்ளைகளின் எதிரே உட்கார்ந்ததும் ஒரு வாத்தியாரையும் ஒரு சமையல்காரரையும்தான் தேடினார் என்பதை எதிர்த்தரப்பு எந்தக் கணக்கில் வைக்கும்?

வெளியுலகக் கணக்கும் இதையே சொல்கிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் வழியாக நடத்திய இலவச இணையப் படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர் சொச்சம். மீதி 96 பேரும் சோம்பேறிகளா? கூப்பிடாமலே வந்து, தானே பெயரைப் பதிந்துகொண்டவர்கள் அவர்கள். ஊக்கம் இருந்ததால்தான் வந்தார்கள். நடுவில் வேலை வந்தது, புரியாத இடம் வந்தது, கேட்க ஆள் இல்லை. இந்த மூன்றுக்கும் பேட்ஜ் எப்படிப் பரிகாரம் ஆகும் என்று யாரும் இதுவரை விளக்கவில்லை.

2. பாண்டி ஆடுகிற பிள்ளைக்கு பாயிண்ட் கொடுத்தது யார்?

பிள்ளை விளையாட்டில் மணிக்கணக்காக ஒன்றிக் கிடப்பது உண்மை. ஏன் ஒன்றுகிறது என்பதில்தான் கோளாறு. அடுத்து என்ன செய்வது என்பது தன் கையில் இருக்கிறது; தோற்றால் யாரும் கேட்கப்போவதில்லை; கை தேறத் தேற ஆட்டமும் கடினமாகிறது; பக்கத்தில் கூட்டாளி இருக்கிறான். செல்போன் விளையாட்டில் ஸ்கோரை அழித்துவிட்டுக் கொடுத்தாலும் பிள்ளை ஆடும். பாயிண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை எடுத்துவிட்டால் ஆடாது. கல்விச் செயலிக்காரர்கள் ஆட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கோர்போர்டை மட்டும் தூக்கிவந்திருக்கிறார்கள்.

பாடமே ஆட்டமாக அமைந்தால் அது வேறு. பல்லாங்குழியில் எண்ணுவதுதான் ஆட்டம். எண்ணத் தெரியாமல் ஆட முடியாது, ஆடாமல் எண்ணிக்கை பழகாது. அப்படிப் பின்னத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று யாராவது உருவாக்கினால் நானே வாங்கிக் கொடுப்பேன். அதற்கு மூளை வேண்டும், வருஷக்கணக்கில் உழைப்பு வேண்டும். பழைய வினாத்தாளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் ஒட்டுவதற்கு இரண்டும் வேண்டாம். அதனால்தான் சந்தையில் நட்சத்திரம் மலிந்து கிடக்கிறது.

3. எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அதுதான் விளையும்.

இலஞ்சியில் எனக்குப் பழக்கமான ஒரு வீடு. திண்ணையில் அம்மா மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்புப் பையன் கையில் அவருடைய போன், அதில் கணக்குச் செயலி. 3/4, 2/3 இரண்டில் எது பெரியது என்று கேள்வி. கீழே நான்கு விடைகள். மூன்றாவதைத் தொட்டான், சிவப்பு. முதலாவதைத் தொட்டான், பச்சை. திரையெல்லாம் நட்சத்திரம் சிதறியது. ஏன் 3/4 பெரியது என்று கேட்டேன்.

“தெரியல மாமா. ஒண்ணொண்ணா அமுக்குனா எப்படியும் பச்சையாயிரும்.”

கொஞ்சம் யோசித்துப் போடலாமே என்றேன்.

“யோசிச்சா ஸ்பீடு போனஸ் போயிரும்லா? மொதத் தடவைன்னா பத்து, ரெண்டாந் தடவைன்னா அஞ்சு. யோசிச்சு ஒண்ணு போடுத நேரத்துல நாலு போட்டுரலாம்.”

அவன் கணக்கில் கெட்டி. போட்டது பின்னக் கணக்கு இல்லை, பாயிண்ட் கணக்கு. நேரத்துக்கும் வரும்படிக்கும் விகிதம் பார்த்து, யோசிப்பது நஷ்டம் என்ற சரியான முடிவுக்கு வந்திருக்கிறான். வேகத்துக்கும் எண்ணிக்கைக்கும் கூலி என்று செயலி அறிவித்தது. அவன் வேகமும் எண்ணிக்கையும் கொடுத்தான்.

இந்தக் கணக்கு இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, கடையில் எண்ணிக் கொடுத்தால் காசு. விரல் அபாரமாகப் பழகும். கடையில் சரக்கு நின்றால் கையும் நின்றுவிடும். கூலி இல்லாத நாளில் ஆசைக்குப் பீடி சுற்றுகிற பெண் எந்த ஊரிலும் கிடையாது. எண்ணிக்கைக் கூலி வேலை வாங்கும். வேலை மேல் பிரியம் உண்டாக்காது. அந்த அம்மாவுக்குப் பிரியம் தேவையும் இல்லை, கூலி உயர்ந்தால் போதும். பையனுக்கு அப்படியா? பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகும் அவன் தானாகப் படிக்க வேண்டும் என்பதுதானே நம் ஆசை?

ஆராய்ச்சிக்காரர்கள் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே சோதித்துவிட்டார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொன்றுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத வேளையில் பார்த்தால், முன்கூட்டிப் பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. கெடுத்தது பேரம்.

இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி உண்டு. ‘அந்தப் பிள்ளைகளுக்குப் படம் வரைய ஏற்கெனவே ஆசை இருந்தது. எங்கள் பிள்ளைக்குக் கணக்கில் ஆசையே இல்லையே, கெடுவதற்கு என்ன இருக்கிறது?’ சரி, பிடிக்காத வேலைக்குப் பரிசு கொடுத்து உட்காரவைக்க முடியும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறாம் வகுப்பிலேயே கணக்கு இவனுக்குப் பிடிக்காது என்று தீர்ப்பெழுதியது எப்படி? இதுவரை அவனுக்குக் கிடைத்தது புரியாத கணக்கு. புரிந்த கணக்கை அவன் இன்னும் பார்க்கவே இல்லை. அதற்குள், காசு கொடுத்தால் மட்டுமே செய்யத்தக்க சங்கதி இது என்று செயலி அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

4. ராங்க் பட்டியலை ஒழித்தோம். அதை ஏன் போனுக்குள் திரும்ப அழைக்கிறோம்?

2017இல் தமிழ்நாடு அரசு, பொதுத்தேர்வு முடிவோடு மாநில அளவில் முதல், இரண்டு, மூன்று என்று இடம் அறிவிப்பதை நிறுத்தியது. அதற்கு முந்தைய மே மாதங்கள் நினைவிருக்கும்: நாளிதழின் முதல் பக்கத்தில் லட்டு ஊட்டும் படம், உள்பக்கத்தில் தூக்கு மாட்டிக்கொண்ட செய்தி. நிறுத்தியபோது பள்ளி நிர்வாகங்கள் சில முணுமுணுத்தன. பெற்றோர் பெரும்பாலும் நிம்மதியானார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை வந்த அந்தப் பட்டியல் இப்போது வாரத்துக்கு ஒருமுறை, சில செயலிகளில் மணிக்கு ஒருமுறை வருகிறது. நாற்பது பேர் பட்டியலில் முதல் ஐந்து பேருக்கு அது ஊக்கம். முப்பத்தைந்தாவது பிள்ளைக்கு அது என்ன? நீ எங்கே நிற்கிறாய் என்று தினமும் காட்டும் பலகை. ஊக்கம் யாருக்குத் தேவை என்று இவர்கள் தொடங்கினார்களோ, அந்தப் பிள்ளையைத்தான் இது முதலில் விரட்டுகிறது. ஏற்கெனவே ஓடுகிறவன் இன்னும் ஓடுவான், சராசரி ஏறும், ‘வெற்றி’ என்று அறிக்கை வரும்.

2015இல் ஹேனஸ், ஃபாக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே கல்லூரிப் பாடத்தை இரண்டு வகுப்புகளில் 16 வாரம் நடத்திப் பார்த்தார்கள். ஒன்றில் பேட்ஜும் லீடர்போர்டும். மற்றதில் எதுவும் இல்லை. பேட்ஜ் வகுப்பில் ஊக்கம் குறைந்தது, மனநிறைவு குறைந்தது, இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் குறைந்தது. ஒரே ஒரு ஆய்வுதானே என்றால், சரிதான், ஒன்றுதான். ஆனால் இந்தச் சரக்கை விற்க வருகிறவர் யாரும் இப்படி ஒன்று நடந்ததாகவே சொல்வதில்லை.

இதில் புதுமை என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. பழைய திண்ணைப் பள்ளியில் காலையில் முதலில் வந்த பிள்ளை அடியிலிருந்து தப்பும்; பின்னால் வருகிறவர்களுக்கு வந்த வரிசைப்படி அடி ஏறிக்கொண்டே போகும். சட்டாம்பிள்ளை கணக்கு வைத்துக்கொள்வான். விடிவதற்கு முன்பே பிள்ளைகள் ஓடிவந்தார்கள் என்பது உண்மை. அதைப் படிப்பு ஆர்வம் என்று அன்றைக்கும் யாரும் சொன்னதில்லை.

5. ஸ்ட்ரீக் யாருடைய நலனுக்கு?

ஒரு நாள் விடாமல் வந்தால் தீச்சுடர் படம்; ஒரு நாள் தவறினால் எல்லாம் பூஜ்யம். இதற்குப் பெயர் ஊக்கம் என்கிறார்கள். சேர்த்துவைத்தது போய்விடுமே என்ற பயம் எப்போது ஊக்கம் ஆனது? மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ செயலியில் ஸ்ட்ரீக் போகாமல் காப்பாற்ற ‘ஃப்ரீஸ்’ ஒன்றை அந்தச் செயலியின் செல்லாக்காசு கொடுத்து வாங்கிவைத்துக்கொள்ளலாம். மொழி படித்தாலும் படிக்காவிட்டாலும் கணக்கு அறுபடாமல் பார்த்துக்கொள்ளும் வசதி. படிப்பும் கணக்கும் எவ்வளவு தூரம் பிரிந்துவிட்டன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

யாருக்கு ஸ்ட்ரீக் அறுபடும் என்றும் யோசிக்க வேண்டும். தனக்கென்று போனும் வைஃபையும் உள்ள பிள்ளைக்கு அறுபடாது. ஐப்பசி மழையில் கரண்ட் போன ஊரில் அறுபடும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் பீடியும் சுற்றி, சோறும் பொங்கி, தம்பியையும் பார்த்துக்கொண்ட பெண்பிள்ளைக்கு அறுபடும். நான்காம் நாள் அவள் போனைத் திறந்தால் ‘உன் தொடர் முறிந்துவிட்டது’ என்று அழுகிற பொம்மை. நல்ல வாத்தியாராக இருந்தால் வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்.

தினமும் ஒரு தடவையாவது செயலியைத் திறக்க வேண்டும் என்ற அவசியம் பாடத்துக்குக் கிடையாது. இரண்டு நாள் விட்டு மறுபடி பார்ப்பது நினைவில் நிற்பதற்கு நல்லது என்பது உளவியலில் பழைய சேதி. தினமும் திறக்க வேண்டிய அவசியம் நிறுவனத்துக்குத்தான். தினப் பயனர் எண்ணிக்கையைக் காட்டித்தான் முதலீடு வாங்குகிறார்கள். பைஜூஸ் என்ற கல்விச் செயலி நிறுவனம் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகப் பேசப்பட்டது. 2024 ஜூலையில், ஜெர்சி விளம்பரப் பணம் பாக்கி என்று கிரிக்கெட் வாரியம் போட்ட மனுவில், பெங்களூரு நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதன் மேல் திவால் நடவடிக்கைக்கு அனுமதி கொடுத்தது. கடன் வாங்கி டேப்லெட்டோடு பாடம் வாங்கிய குடும்பங்கள் நாடு முழுக்க இருந்தன. நிறுவனத்தின் மதிப்பு ஏறியபோதும் இறங்கியபோதும் பிள்ளைக்குப் பின்னம் தெரிந்ததா என்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை.

6. ‘மதிய உணவும் தூண்டில்தானே?’

எதிர்த்தரப்பின் கூர்மையான வாதம் இதுதான். பலர் இங்கே வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். காமராஜர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. சாப்பாட்டுக்காக வந்த பிள்ளைகள் படித்து ஆளானார்கள். சாப்பாடு போட்டு இழுக்கலாம், பாயிண்ட் போட்டு இழுக்கக் கூடாதா? ஜோஹோ தன் கற்றல் பள்ளியில் படிக்கும்போதே உதவித்தொகை கொடுக்கிறதே, அது மட்டும் எந்தச் சேர்த்தி?

வித்தியாசம் மிக எளியது. சத்துணவுக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்னால்தான் சோறு என்று யாரும் கேட்பதில்லை. முதல் ராங்க் பிள்ளைக்கு இரண்டு முட்டை, கடைசிப் பிள்ளைக்கு அரை முட்டை என்று வைத்ததில்லை. மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் தட்டு மறுக்கப்படுவதில்லை. வந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. படிப்புக்கும் பிள்ளைக்கும் நடுவில் பசி என்று ஒரு தடை கிடந்தது, அதை எடுத்துப்போட்டார்கள். உதவித்தொகையும் அப்படியே: படிக்கிற காலத்தில் வீட்டுக்கு வருமானம் இல்லையே என்ற தடையை அது எடுக்கிறது; எத்தனை பட்டனை அமுக்கினாய் என்று கேட்டுக் கொடுப்பதில்லை. பதினோராம் வகுப்பில் கொடுக்கும் சைக்கிளும் தூரம் என்ற தடையைத்தான் எடுக்கிறது. பாயிண்ட் எந்தத் தடையை எடுக்கிறது? புரியாத பாடம் புரியாமலே கிடக்கிறது. அதன் மேல் மிட்டாய் தடவியிருக்கிறது.

சோற்றையும் ராங்க் போட்டே பரிமாறியிருந்தால் இந்த மாநிலம் இன்று எங்கே நின்றிருக்கும் என்று மிட்டாய்க்காரர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

7. சரி, சான்று என்ன சொல்கிறது?

தொடக்கத்தில் சொன்ன 2020 தொகுப்பாய்வுக்குத் திரும்புவோம். சைலரும் ஹோம்னரும் பயனை மூன்றாகப் பிரித்தார்கள்: அறிவு, ஊக்கம், நடத்தை. மூன்றிலும் சிறிய நன்மை தெரிந்தது. ஆனால் கறாரான முறையில் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அறிவு பற்றிய முடிவு நிலைத்தது. ஊக்கமும் நடத்தையும் ஆட்டம் கண்டன. சந்தையில் எந்தப் பெயரைச் சொல்லி விற்கிறார்கள்? ஊக்கம். எது நிலைக்கவில்லை? அதே ஊக்கம். அறிவில் கிடைத்த சிறு நன்மை உடனடி விடையாலா, திரும்பத் திரும்பப் போட்ட பயிற்சியாலா, பேட்ஜாலா என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை. என் சந்தேகம் முதல் இரண்டின் மேல்.

நம் மாநிலத்திலேயே இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தெருவில் உள்ள படித்த பெண் ஒருவர் சாயங்காலம் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்போது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டு ஊரகங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பொதுமுடக்கத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, 24 சதவீதம், இந்த அக்காமார்களின் கணக்கில் சேர்ந்தது. அங்கேயும் பாட்டு இருந்தது, கதை இருந்தது, விளையாட்டும் இருந்தது. நேற்று ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆளும் இருந்தார்.

அதே திட்டத்தில் 2022 ஜூனில் கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடந்தது. நட்சத்திரமும் சொல் எண்ணிக்கையும் உண்டு. பிள்ளைகள் கோடிக்கணக்கான சொற்களை வாசித்தார்கள். எதிர்த்தரப்பு இதைத் தன் வெற்றியாகச் சொல்லும். நான் கேட்பது: அந்தப் போன் யாருடையது? பிள்ளை திக்கிய இடத்தில் பக்கத்தில் குனிந்து பார்த்தது யார்? பெரும்பாலும் அந்த அக்காதான். அவரை எடுத்துவிட்டு நட்சத்திரத்தை மட்டும் வைத்து ஒரு மாரத்தான் நடத்திக் காட்டினால் பேசலாம். மேலே சொன்ன 2020 தொகுப்பாய்விலும், வெறும் போட்டியைவிடப் போட்டியோடு கூட்டுமுயற்சியும் சேர்ந்த இடத்தில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குற்றாலத்திலேயே சாட்சி உண்டு. ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபை. திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் கூடிய அந்தச் சபை பிறகு குற்றாலத்துக்கு வந்தது. ராஜாஜியும் கல்கியும் வந்து உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு முக்கியம் இடைசெவலிலிருந்து வந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காத சம்சாரி வீட்டுப் பிள்ளை. டி.கே.சி. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொல்லி, ரசித்து, திரும்பச் சொல்லி, ஒரு பொழுதையே அதில் கழிப்பார். பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் படித்தவர் பிறகு சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் உட்கார்ந்தார். பள்ளியே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, கி.ரா. ஒருவர் தேறினார் என்பதற்காக எல்லோரையும் பள்ளியை விட்டு நிறுத்த முடியாது. ஒரு பாட்டின் மேல் ஒரு பெரியவருக்கு இருந்த கிறுக்கு பக்கத்தில் உட்கார்ந்தவரைத் தொற்றிக்கொண்டது என்பதற்காகச் சொல்கிறேன். இந்தத் தொற்று செயலியில் வராது. பத்து பாயிண்ட் கொடுக்கும் நிரலுக்கு அந்தப் பாட்டும் பின்னமும் ஒன்றுதான்; இரண்டின் மேலும் அதற்கு ஆசை இல்லை.

8. ‘ஆசிரியர் போதவில்லையே, செயலியாவது இருக்கட்டுமே?’

கடைசியில் எல்லா விவாதமும் இங்கேதான் வந்து நிற்கும். ஒன்றுமில்லாததற்கு இது தேவலையே என்பார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றை வைத்தால் அந்த இடம் நிரம்பிவிட்டதாகக் கணக்கு ஆகிவிடும் என்பதுதான் என் பயம். செயலிக்குச் சந்தா கட்டிய பள்ளி, காலியான கணக்கு ஆசிரியர் இடத்தை நிரப்பச் சொல்லிப் போராடாது. பெற்றோரிடம் காட்டப் பேட்ஜ் இருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் காட்ட டேஷ்போர்டு இருக்கிறது. அதில் எல்லாம் பச்சையாக இருக்கிறது. அந்த இலஞ்சிப் பையனும் பச்சைதான். இந்திய ஊரகத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்கிறது, கல்வி நிலை பற்றிய 2024ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கை. அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்கு 76 சதவீதம். கைத்தொலைபேசி வந்துவிட்டது, பழகியும் விட்டது. குறைவது அது இல்லை.

ஆகவே தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வியாண்டுக்குச் செயலி விற்க வருகிறவரிடம் எத்தனை இலட்சம் பிள்ளைகள் இதில் இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். அதை அவரே சொல்வார். பாயிண்டையும் பேட்ஜையும் அணைத்துவிட்டு, பாடத்தை மட்டும் மூன்று மாதம் நம் பிள்ளைகளிடம் விடச் சொல்லுங்கள். மூன்றாவது மாதம் எத்தனை பேர் தாமாகத் திறக்கிறார்கள் என்று நம் வகுப்பாசிரியர் எண்ணட்டும். ஆறாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, 3/4 ஏன் 2/3ஐவிடப் பெரியது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டச் சொல்லட்டும். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொள்கிற நிறுவனம் இருந்தால் பேசுவோம். இல்லையென்றால் அந்தச் சந்தாப் பணம், சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைக்கிற ஒரு அக்காவுக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று கூட்டத்திலேயே வகுத்துப் பாருங்கள்.